கேட்டால் மட்டும் சொல்பவர்

போனில் எங்களுக்கு ஒரு குழு உண்டு. கோயமுத்தூரைச் சுற்றி ஜாப் ஆர்டர் பட்டறை வைத்திருப்பவர்களின் குழு. பெரிய கம்பெனிகள் கொடுக்கும் டிராயிங்கைப் பார்த்து இரும்பில் பாகம் செய்து கொடுக்கிறோமே, அந்த ஆட்கள். யாரிடம் மில்லிங் மெஷின் சும்மா நிற்கிறது, எந்தக் கடையில் நல்ல இரும்பு ராடு வந்திருக்கிறது, எந்தக் கம்பெனியில் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஒரு மயிரிழைக்குக்கூட பாகத்தைத் திருப்பி அனுப்புகிறார் என்றெல்லாம் பேசிக்கொள்ள ஆரம்பித்த குழு.

நானும் என் வீட்டுக்காரரும் கணபதியில் பட்டறை நடத்துகிறோம். மெஷின் பக்கம் அவர், மேஜைப் பக்கம் நான். கொட்டேஷன் போடுவது, பில் போடுவது, இன்றைக்கு டிராயிங் கொடுத்துவிட்டு நேற்றே பாகம் கேட்கும் அதிகாரிகளிடம் சிரித்துப் பேசுவது எல்லாம் என் பொறுப்பு.

குழுவை ஆரம்பித்தவர் சின்னியம்பாளையத்தில் கியர் கட்டிங் பட்டறை வைத்திருப்பவர். எங்களைவிட வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கியர் அண்ணன். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அம்மணி, இனிமேல் நீங்க அட்மினா இருங்க. பொம்பளையாளு சொன்னா ஆரும் எதுத்துப் பேசமாட்டாங்க" என்றார். எந்த ஊர் ஆண்களை மனதில் வைத்துச் சொன்னாரோ தெரியவில்லை. அன்றுமுதல் நான் குழுவின் காவல்காரி ஆனேன்.

விதிகள் ஏற்கெனவே இருந்தன. காலை வணக்கப் படம் கூடாது. அரசியல் கூடாது. யாராவது கேட்டால் ஒழிய, விளம்பரம் கூடவே கூடாது. முதல் விதியை மீறுகிறவர்களைத் திருத்தவே முடியாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. ரோஜாப்பூவும் காபிக் கோப்பையும் போட்ட படத்தை அழித்தால், அழித்ததற்கு வருத்தம் தெரிவித்து இன்னொரு ரோஜாப்பூ வரும். அரசியல் பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் களைக்க வைத்து அவர்களே நிறுத்திக்கொள்வார்கள். என் உயிரை வாங்கியது மூன்றாவது விதிதான். அதிலும் சாப்ட்வேர் விற்கிறவர்கள்.

கொங்கு நாட்டில் இரும்பு கடைகிறவர்களைவிட இரும்பு கடைகிறவர்களுக்குச் சாப்ட்வேர் விற்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். நோம்பி, பண்டிகை வந்தால் வாழ்த்துச் சொல்வார்கள். பொங்கல் பானை மூலையில் சின்னதாக இருக்கும், கம்பெனி முத்திரை நடுவில் பொங்கிக்கொண்டிருக்கும். நீக்கினால் தனியாக வருவார்கள். "மேடம், இது விளம்பரம் இல்லைங்க, அறிவுப் பகிர்வுங்க" என்பார்கள். பகிர்ந்த அறிவின் அடியில் விலையும், இந்த மாதத்துக்குள் வாங்கினால் தள்ளுபடியும் இருக்கும். ஒருவர் கண்ணீர் அஞ்சலிச் செய்தியில்கூடத் தன் கம்பெனி பெயரை விடவில்லை. இறந்தவர் அவருடைய வாடிக்கையாளராம். கடைசிவரை அந்தச் சாப்ட்வேரைத்தான் பயன்படுத்தினாராம்.

இவர்களில் ஒரு வகையினர் நாடகம் போடுவார்கள். அப்படி ஒரு நாடகம் எங்கள் குழுவில் அரங்கேறியது இன்றைக்கும் பேச்சில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு நம்பர், "சார், ஒரு சின்ன டவுட். பட்டறையில் கொட்டேஷன் போடவே பாதி நாள் போகுது. நல்ல சாப்ட்வேர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டது. யாரும் வாய் திறப்பதற்குள் இன்னொரு புது நம்பர் ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி, "நான் இதைத்தான் வெச்சிருக்கேன் சார். சூப்பரா இருக்கு. இப்பெல்லாம் பொழுதோட வீட்டுக்குப் போயி குழந்தைங்ககூட விளையாடறேன்" என்றது. முதல் நம்பர் உருகி நன்றி சொன்னது. அவ்வளவு பாசத்தை நான் சொந்தக்காரர்களிடம்கூடப் பார்த்ததில்லை. நீக்கலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதல் நம்பரிடமிருந்து குழுவில் இன்னொரு செய்தி விழுந்தது.

"அடுத்து என்ன போடட்டும் சார்?"

தன் முதலாளிக்குத் தனியாக அனுப்ப வேண்டியதை அவசரத்தில் இங்கே போட்டுவிட்டது. அப்புறம் கியர் அண்ணன் எழுதினார்: "வெலை போடு கண்ணு."

அவர்களை நான் நீக்கவில்லை. அவர்களாகவே போய்விட்டார்கள். இரண்டு நம்பரும் ஒரே நொடியில்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் வெள்ளகோவில்காரர் வந்தார். குழுவில் சேர்ந்ததும் எதுவும் போடாமல் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். அதை நான் மறுபடி மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

"அக்கா, வணக்கமுங்க. தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கோணுமுங்க. நான் வெள்ளகோவிலுங்க. பட்டறைக்காரங்களுக்கு உபயோகப்படற மாதிரி ஒரு சின்ன சாப்ட்வேர் எழுதி வெச்சிருக்கறேனுங்க. அதைப் பத்திக் குழுவுல சொல்லலாமான்னு உங்ககிட்ட எப்பக் கேட்டா உங்களுக்குச் சௌகரியப்படும்னு தெரிஞ்சுக்கலாமுங்களா?"

அனுமதி கேட்பதற்கு அனுமதி கேட்டிருக்கிறார். இவ்வளவு மரியாதையை நான் சந்தேகப்பட்டேன். சாப்ட்வேர் விற்கிறவர்களின் புது உத்தியாக இருக்கும் என்று நினைத்து, கறாராகவே பதில் போட்டேன். விளம்பரம் கூடாது. யாராவது கேட்டால் மட்டும் சொல்லலாம்.

"சரீங்க அக்கா. நீங்க சொல்றது நியாயமுங்க" என்று பதில் வந்தது. அத்தோடு போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் போகவில்லை. விளம்பரமும் போடவில்லை. ஒருவருடைய பிரிண்டர் பில்லின் கடைசி வரியை மட்டும் அச்சடிக்காமல் அடம்பிடித்தபோது, என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். ஜி.எஸ்.டி. தளம் திறக்காமல் எல்லோரும் அதைத் திட்டிக்கொண்டிருந்தபோது, எப்படி உள்ளே போவது என்று வழி சொன்னார். கணக்குத் தாளில் கூட்டல் தப்பாக வந்தால், வைரஸ் வந்தால், பேரன் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சீன மொழிக்கு மாற்றி வைத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் அவர்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரோடு வந்துவிட்டவர் என்று பேச்சுவாக்கில் தெரியவந்தது. சாப்ட்வேர் எழுதியிருக்கிறார் என்பது மட்டும் குழுவில் யாருக்கும் தெரியவரவே இல்லை. அந்த ரகசியம் அவருக்கும் எனக்கும் நடுவில் பத்திரமாக இருந்தது.

பிறகு ஒருநாள் உண்மையாகவே ஒருவர் கேட்டுவிட்டார். கருமத்தம்பட்டியில் விசைத்தறிக்கு உதிரிபாகம் செய்கிறவர். பழைய ஆள், எங்களுக்கெல்லாம் நேரில் தெரிந்தவர். "ஏனுங்க, கொட்டேஷன் போட, சலான் போட எல்லாரும் என்ன சாப்ட்வேர் வெச்சிருக்கறீங்க? எனக்கு நெம்பக் கஷ்டமா இருக்குதுங்க. நிசமாத்தான் கேக்கறேன், நாடகம் இல்லீங்க" என்று எழுதினார்.

அவ்வளவுதான். எங்கெங்கோ ஒளிந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்தார்கள். குழுவில் இத்தனை பேர் இருந்தார்களா என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்டால் சொல்லலாம் என்பது விதி, கேட்டாகிவிட்டது. படம், காணொளி, நட்சத்திர மதிப்பெண், திருப்தியடைந்த வாடிக்கையாளர் கோட்டுப் போட்டுக்கொண்டு கைகொடுக்கும் புகைப்படம் என்று வந்து குவிந்தன. அந்தக் கூட்டத்தில் வெள்ளகோவில்காரர் மட்டும் இல்லை.

நான் அவருக்கு எழுதினேன்: "கேட்டாச்சுங்களே. சொல்லுங்க."

"அவரு பொதுவாத்தானுங்க கேட்டாரு. என்னைக் கேக்கலீங்களே அக்கா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. போன் செய்தேன். "தம்பி, குழுவுல கேட்டா எல்லாத்தையும் கேட்ட மாதிரித்தானுங்க."

"அதும் சரிதானுங்க. ஆனா என் சாப்ட்வேரு நல்லா இருக்குதுன்னு நானே எப்படீங்க சொல்றது? மத்தவங்க எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க."

"அப்ப நல்லா இல்லையா?"

"சில எடத்துல நல்லா இருக்குமுங்க" என்றார்.

இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. நேரில் கொண்டு வந்து காட்டச் சொன்னேன். அடுத்த வாரமே பஸ் ஏறி வந்தார். தோளில் கம்ப்யூட்டர் பை, கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். அவர்கள் பக்கம் முருங்கைக்கு என்ன குறை. "வெறுங்கையோட எப்படி வர்றதுங்க" என்று மேஜைமேல் வைத்தார். அதே நேரத்தில் கியர் அண்ணனும் அளவு பார்க்கும் டயல் கேஜ் இரவல் வாங்க எங்கள் பட்டறைக்கு வந்திருந்தார். ஆளை அறிமுகப்படுத்தினேன். அண்ணன் முருங்கைக்காயைக் கையில் எடுத்து, முறித்துப் பார்த்து, "நல்ல சதைப்பத்தா இருக்குது" என்றார். பாதியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். டயல் கேஜோடு அதையும் வாங்கிக்கொண்டு போனார்.

சாப்ட்வேரைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது கொங்குத் தமிழ் பேசியது. ஏதாவது ஒன்றை நீக்கப் போனால், "அழிச்சுப்போடலாமுங்களா?" என்று கேட்டது. கீழே "ஆமாங்க", "வேண்டாமுங்க" என்று இரண்டு பட்டன். கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டால், "இது சரியில்லீங்களே, இன்னொருக்கா பாருங்க" என்றது. கம்ப்யூட்டர் என்றாலே எண்ணெய்க் கையைக் காட்டி ஓடிவிடும் என் வீட்டுக்காரர், கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வேண்டுமென்றே எதையோ அழிக்கப் போவதும், அது கேட்பதும், இவர் "வேண்டாமுங்க" என்று வாய்விட்டே பதில் சொல்லி அமுக்குவதுமாக அன்று மெஷின் வெகுநேரம் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச காலம் பயன்படுத்திப் பார்த்தேன். வேலை சுலபமாகத்தான் ஆனது. பழைய டிராயிங்கை எடுத்தால் போன தடவை என்ன விலை போட்டோம், ஏன் போட்டோம் என்பது முன்னால் வந்து நின்றது. குறைகளும் இருந்தன. ரூபாய்க் குறி அச்சில் வெறும் கட்டமாக விழுந்தது. அங்குலத்துக்குப் போடும் இரட்டைக் கோட்டைத் தட்டினால், "மன்னிச்சுக்கோங்க, கொஞ்சம் கோளாறு ஆகிப்போச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. பணிவாகப் படுத்துக்கொண்டாலும் படுத்தது படுத்ததுதானே.

கருமத்தம்பட்டிக்காரர் வந்து குவிந்த விளம்பரங்களில் மூழ்கி, எதை எடுப்பது என்று தெரியாமல் மறுபடி குழுவில் புலம்பினார். அப்போதுதான் வெள்ளகோவில்காரரின் சாப்ட்வேரைப் பற்றி நான் எழுதினேன். நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே எழுதினேன். இது விளம்பரம் இல்லை, என் அனுபவம் என்று தலைப்பிலேயே போட்டேன். விலை போடவில்லை, நம்பர் போடவில்லை. யார் எழுதியது என்று மட்டும் சொன்னேன். அறிவுப் பகிர்வுக்காரர்களை இத்தனை நாள் விரட்டிய எனக்கு, இதற்கு மேல் ஒழுங்காக எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

முதலில் கும்பிடு போட்ட கைகள் நிறைய வந்தன. மத்தியானத்துக்கு மேல் கியர் அண்ணன் எழுதினார்.

"அட்மினுக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமுங்களா? நான் ஆரையும் சொல்லலீங்க. பொதுவாத்தான் கேக்கறேன்."

எங்கள் ஊரில் 'பொதுவாக' என்று ஒருவர் ஆரம்பித்தால் அது நேராக ஒரு வீட்டு வாசலுக்குத்தான் வரும். நான் பதில் எழுதுவதற்குள் அடுத்ததும் வந்தது.

"வெள்ளகோவில்ல இருந்து முருங்கைக்காய் எல்லாம் வருதுன்னு கேள்விப்பட்டேனுங்க. கமிஷன் இப்ப காய்கறியாத்தான் குடுக்கறாங்க போல இருக்குது."

சிரித்த முகங்கள் வரிசையாக விழுந்தன. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வேடிக்கைக்குத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் கமிஷன் என்ற வார்த்தை மனதில் தைத்தது. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் கம்பெனி வாசலில் டிராயிங்குக்காகக் காத்திருக்கும்போது, 'வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா' என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. அப்போதெல்லாம் வராத அழுகை, நியாயமாக எழுதியதற்குப் பேச்சு வாங்கும்போது வரப் பார்த்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். "கமிஷன் வாங்கற அளவுக்கு உனக்கு வெவரம் இருந்திருந்தா நாம இன்னேரம் இன்னொரு மெஷின் போட்டிருப்போம்" என்றார். ஆறுதல் என்று அவர் நினைத்துச் சொன்னதை ஆறுதலாகவே எடுத்துக்கொண்டேன்.

குழுவில் சண்டை நிற்கவில்லை. ஏற்கெனவே நீக்கப்பட்ட சாப்ட்வேர்காரர்கள் தெரிந்தவர்கள் மூலமாக, அனைவருக்கும் சம நீதி வேண்டும் என்று செய்தி அனுப்பினார்கள். நாடகக் கம்பெனிகூட வெளிப்படைத்தன்மை பற்றிக் கவலைப்பட்டது. கடைசியில் எல்லோரும் நேரில் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தி ரோட்டில் ஒரு பேக்கரி மாடியில் கூட்டம் போட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் என்ற முறையில் வெள்ளகோவில்காரரையும் வரச் சொன்னார்கள். நான் வேறு போக வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்துச் சண்டையை வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் விருந்து உபசாரம் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். "நீங்க சொல்றது பொய்யிங்க" என்பார் ஒருவர். "உங்களுக்கு அவ்வளவுதானுங்க புத்தி" என்பார் இன்னொருவர். நடுவில் "பப்ஸ் சாப்புடுங்க, ஆறிப்போயிரும்" என்று தட்டை நகர்த்துவார்கள்.

எது விளம்பரம் என்பதில்தான் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது. கேட்டதற்குப் பதில் சொன்னால் விளம்பரமா? கேட்டவரே ஆள் வைத்துக் கேட்டிருந்தால்? வாங்காமல் பாராட்டினால் என்ன, வாங்கிவிட்டுப் பாராட்டினால் என்ன? மில்லிங் பட்டறைக்காரர் ஒருவர் தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னார்: "நல்லா இருக்குதுன்னு சொன்னா விளம்பரமுங்க. நல்லா இல்லைன்னு சொன்னா அனுபவமுங்க."

"இந்தம்மணி ரெண்டையும் சொல்லியிருக்குதே" என்றார் கருமத்தம்பட்டிக்காரர்.

தீர்ப்புச் சொன்னவர் டீயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அப்போது வெள்ளகோவில்காரர் எழுந்தார். "என்னால உங்களுக்குள்ள மனஸ்தாபம் வேண்டாமுங்க. அக்கா நல்லதுக்குத்தான் எழுதுனாங்க. நான் குழுவுல இருந்து போயிக்கிறேனுங்க" என்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

கருமத்தம்பட்டிக்காரர்தான் முதலில் பதறினார். "நீங்க போயிட்டா என் பிரிண்டரை ஆருங்க பாக்கறது? அது இப்பக் கோடு கோடா அடிக்குதுங்க." உடனே பக்கத்து நாற்காலிக்காரர் தன் போனை நீட்டி, மெயில் திறக்கவில்லை என்றார். மில்லிங் பட்டறைக்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, பேக்கப் எடுப்பது எப்படி என்று கேட்டார். போகிறேன் என்று எழுந்த மனிதர், அப்படியே நின்றபடி ஒவ்வொருவருக்காகப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கூட்டம் எதற்காகக் கூடியது என்பது கியர் அண்ணன் ஒருவருக்குத்தான் ஞாபகம் இருந்தது.

"அதெல்லாம் இருக்கட்டுமுங்க. முருங்கைக்காய் விஷயத்துக்கு அம்மணி பதில் சொல்லட்டும்" என்றார்.

நான் நிதானமாகவே சொன்னேன். "அண்ணா, அந்தக் கட்டுல பாதி உங்க ஊட்டுச் சாம்பார்ல வெந்துச்சுங்களே. நீங்க வாங்குன கமிஷனுக்கு என்னுங்க பதில்?"

அவர் டயல் கேஜ் வாங்க வந்ததையும், முருங்கைக்காயை முறித்துப் பார்த்ததையும் சொன்னேன். மாடி முழுக்கச் சிரிப்பு. அண்ணனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. "சாம்பார் நல்லாத்தான் இருந்துச்சு" என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் கூட்டம் போட்டுவிட்டு விதி போடாமல் எழுந்து போவது மரியாதை இல்லை என்பதால், ஒரு விதி போட்டார்கள். இனிமேல் சனிக்கிழமை மட்டும் யார் வேண்டுமானாலும் தங்கள் சரக்கைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். மற்ற நாளில் மூச்சு விடக்கூடாது. அட்மின் தனியாக இருந்து கஷ்டப்படக்கூடாது என்று கியர் அண்ணனையும் அட்மின் ஆக்கினார்கள்.

முதல் சனிக்கிழமை விடிந்தது. கோழி கூவுவதற்கு முன்பே சாப்ட்வேர்காரர்கள் கூவிவிட்டார்கள். சோலார் தகடு விற்கிறவர் வந்தார், மூட்டுவலித் தைலம் விற்கிறவர் வந்தார். சத்தியமங்கலத்தில் பண்ணை நிலம் விற்கிறவர் ஆற்றங்கரையைப் பல கோணத்தில் படம் பிடித்துப் போட்டார். அன்று குழுவில் ராடு கேட்டவருடைய குரல் இந்த இரைச்சலில் எங்கோ புதைந்து போனது. இதற்கெல்லாம் நடுவில் கியர் அண்ணனும் ஒரு செய்தி போட்டிருந்தார். நீளமான செய்தி. ஒரு பட்டறைச் சாப்ட்வேரைப் பற்றியது. தலைப்பு: "இது விளம்பரம் அல்ல, அனுபவம்."

சாப்ட்வேரை விற்பவர் அவருடைய தங்கச்சி மருமகன். அது அன்றைக்கு மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என்மேல் அண்ணனுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோபப்படலாமா என்று யோசித்தேன். மருமகனுக்காக ஒரு மாமனார் வீட்டு ஆள் படும் பாடு எனக்கும் தெரியும். விட்டுவிட்டேன்.

வெள்ளகோவில்காரர் அந்தச் சனிக்கிழமையும் எதுவும் போடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போடவில்லை. நானே கூப்பிட்டுத் திட்டினேன். "ஊருக்கெல்லாம் நாள் குறிச்சு அனுமதி குடுத்தாச்சு. இன்னும் வாயைத் தொறக்காம இருந்தா எப்படீங்க பொழைப்பீங்க?"

"கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லவே நேரம் பத்தலீங்க அக்கா" என்றார்.

அது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. கருமத்தம்பட்டிக்காரர் வாங்கிவிட்டார். அவருடைய பிரிண்டரைப் பார்க்கப் போன இடத்தில் பக்கத்துத் தறிக்காரர் பார்த்துவிட்டுக் கேட்டாராம். பேக்கப் கேட்ட மில்லிங்காரர் அடுத்து இதைக் கேட்டாராம். குழுவில் ஒரு வார்த்தை இல்லாமல் குழுவில் இருக்கிற பாதிப் பேர் பட்டறையில் கம்ப்யூட்டர் 'ங்க' போட்டுப் பேசிக்கொண்டிருந்தது. அங்குலக் கோளாறையும் சரிபண்ணிவிட்டார். ரூபாய்க் குறி மட்டும் இன்னும் சில பிரிண்டர்களில் கட்டமாகத்தான் விழுகிறது. அதை யாராவது விசாரித்தால், மறைக்காமல் சொல்லிவிடுகிறார்.

இத்தனை நல்லவராக இருப்பது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அவருக்காக நான் குழுவில் பேச்சு வாங்கினேன், பேக்கரி மாடியில் வழக்காடினேன். அவர் பாட்டுக்கு ஒரு வார்த்தை விளம்பரம் செய்யாமல் நல்ல பெயரோடு இருந்தார். ஒருமுறை அதை அவரிடமே சொன்னேன். நிறைய மன்னிப்புக் கேட்டார். கேட்ட விதத்தில் எரிச்சல் இன்னும் கூடியது.

போன மாதம் ஒரு மத்தியானம் கியர் அண்ணன் பட்டறைக்கு வந்தார். டயல் கேஜைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்றார். டீ வாங்கி வரச் சொன்னேன். குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார், ராடு விலையைப் பற்றிப் பேசினார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, மாப்பிள்ளை போட்டுக் குடுத்த சாப்ட்வேரு என்ன பண்ணுதுன்னே தெரியலீங்க. இல்லாத சரக்கை இருக்குதுங்குது. இருக்கறதை இல்லைங்குது. கேட்டா, அப்டேட் வருதுங்க மாமா, வருதுங்க மாமாங்கறாரு."

"ஐயோ பாவமுங்க" என்றேன்.

"அந்த வெள்ளகோவில்காரரு போன் நம்பரு வெச்சிருக்கறீங்களா?"

"குழுவுலயேதான இருக்காருங்க அண்ணா. அங்கயே கேளுங்க. கேட்டாத்தான் சொல்லுவாரு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான கெஞ்சல் இருந்தது. "குழுவுல எப்படீங்க கேக்கறது. மாப்பிள்ளையும் அங்கதான இருக்கறாரு. தங்கச்சி ஊட்டுல என்ன நினைப்பாங்க."

இதற்கு மேல் அவரை இழுத்தடிக்க எனக்கு மனம் வரவில்லை. நம்பரைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, போனில் அதைச் சேர்த்து வைத்தார். என்ன பெயரில் சேர்த்துக்கொண்டார் என்று எட்டிப் பார்த்தேன். 'பிரிண்டர் ரிப்பேர்' என்று இருந்தது. மாப்பிள்ளை போனை வாங்கிப் பார்த்தாலும் சந்தேகம் வராது. வாசல்வரை போனவர் திரும்பி, "ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க அம்மணி" என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பெயர் போடாமல் எழுதுவது அதில் சேராது என்று நினைக்கிறேன்.

அந்த வாரமே, காவல் காத்தது போதும் என்று அட்மின் பதவியை மில்லிங் பட்டறைக்காரருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, குழுவின் சத்தத்தையும் அணைத்து வைத்தேன். சனிக்கிழமை காலை மேஜையில் உட்கார்ந்து ஒரு நீளமான கொட்டேஷனை இடையூறு இல்லாமல் முழுதாகப் போட்டு முடித்தேன். என் வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன, போன் கெட்டுப்போச்சா?"

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது" என்றேன். அவர் நம்பாமல் வந்து அதை எடுத்துப் பார்த்துவிட்டு, கைபட்ட இடத்தில் எண்ணெயைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார்.